ஸ்லைஸுக்கு மருந்து இடது பக்கம் திரும்பி நிக்கிறது இல்ல

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்க பேப்பர் விளையாட்டுப் பக்கத்துல கோல்ஃப் பழகுறவங்களுக்குன்னு ஒரு சின்ன குறிப்பு போட்டிருந்தீங்க, கிரிக்கெட்டும் கரப்பந்தும் தவிர வேற ஒண்ணுக்கு தமிழ் பேப்பர்ல இடம் கிடைச்சதே பெரிய சந்தோஷம், அதுக்கு முதல்ல நன்றி சொல்லிக்கிறேன். ஆனா அதுல ஸ்லைஸ் பிழைக்கு, அதாவது அடிச்ச பந்து நேரா போகாம வலது பக்கமா வளைஞ்சு மரத்துக்குள்ள போயிர்ற பிழைக்கு, மருந்துன்னு சொல்லியிருந்த மூணு விஷயமும் பிழைய கூட்டுமே தவிர குறைக்காது. இடது பக்கம் குறி வெச்சு நில்லுங்க, தலைய தூக்காதீங்க, இடது கைய விறைப்பா வையுங்க, இதுதானே எழுதியிருந்தது. இத எழுதினவர் மேல எனக்கு கோபம் இல்ல, நுவரெலியாவுல எந்த மூலைக்கு போய் கேட்டாலும் இதே மூணத்தான் சொல்லுவாங்க, பரம்பரையா வாய் வழியா வந்தது. அதனாலதான் கொஞ்சம் நீளமா எழுதுறேன், தயவு செஞ்சு வெட்டாம போடுங்க.

ஏன் இவ்வளவு அக்கறைன்னு கேட்டீங்கன்னா, நம்ம ஊர் கோல்ஃப் மைதானம் 1889ல இருந்து டவுனுக்கு நடுவுல இருக்கு, அந்தக் காலத்து தொரைமாருக்காக வெட்டினது, ஆனா பை தூக்கினதும் புல்லு வெட்டினதும் காணாம போன பந்தை காட்டுக்குள்ள தேடி எடுத்ததும் சுத்தி இருக்கிற தோட்டத்து ஆளுங்கதான். நானும் பை தூக்கி வளர்ந்தவன்தான், இப்ப கெடிமார், அதாவது பை தூக்குறவங்களோட பிள்ளைங்க சில பேருக்கு சாயங்காலத்துல பழக்கிக் குடுக்குறேன். இந்தப் பிள்ளைங்களுக்கு கோச் கிடையாது, தமிழ்ல படிக்க ஒரு பக்கம் கிடையாது, அதனால பேப்பர்ல வந்ததுன்னா வெட்டி வெச்சுக்கிறாங்க, ஃபோன்ல படம் எடுத்து ஒருத்தருக்கொருத்தர் அனுப்புறாங்க. தங்கராஜா மாதிரி நம்ம நாட்டு தமிழ் ஆள் ஒருத்தர் இந்தியாவுல பிஜிடிஐங்கிற தொழில்முறை போட்டிகள்ல பட்டம் எடுத்திருக்காருன்னு தெரிஞ்ச பிள்ளைங்க, அவங்களுக்கும் அந்த ஆசை இருக்கு. அப்படிப்பட்ட கையில பிழையான விஷயம் போய் சேந்தா அது வருஷக்கணக்குல உடம்புல ஊறிப் போயிரும், பிறகு எடுக்கிறது லேசு இல்ல.

இனி விஷயத்துக்கு வர்றேன். வலது கைக்காரங்கள வெச்சே எழுதுறேன், இடது கைக்காரங்க எல்லாத்தையும் பக்கம் மாத்திப் படிச்சுக்கங்க.

கிளப், அதாவது அடிக்கிற மட்டை, பந்தை தொட்டுட்டு இருக்கிற நேரம் ஒரு செக்கனை 2000 பங்கா பிரிச்சா அதுல ஒரு பங்கு அளவுதான். பந்து கிளப்போட நடுவுல பட்டுச்சுன்னா, அந்த நேரத்துக்குள்ள ரெண்டே ரெண்டு விஷயம்தான் பந்து எந்தப் பக்கம் போகும்னு முடிவு பண்ணுது, ஒண்ணு கிளப்போட முகம், அதாவது பந்துல படுற தட்டையான பக்கம், எந்தப் பக்கம் பாத்துட்டு இருக்கு, இன்னொண்ணு கிளப் எந்தப் பாதையில வந்துட்டு இருக்கு. முன்ன எல்லாரும் நம்பிட்டு இருந்தது என்னன்னா, பந்து கிளப் வந்த பாதையில கிளம்பி முகம் பாத்த பக்கம் போய் முடியும்னு, பழைய பாடம் பூரா அப்படித்தான். டிராக்மேன் மாதிரி ராடார் மெஷின் வந்து அளந்து பாத்த பிறகு அது தலைகீழ்னு தெரிஞ்சு போச்சு. பந்து கிளம்புற திசையில பெரும் பங்கு முகத்தோடது, தூரமா அடிக்கிற நீளமான கிளப் டிரைவர்ல கிட்டத்தட்ட 85 வீதம், இரும்புத் தலை வெச்ச குட்டையான கிளப் அயன்ல ஒரு 75 வீதம். பிறகு பந்து வளையுறது எதனாலன்னா முகத்துக்கும் பாதைக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசத்தால. பாதைய விட முகம் வலது பக்கம் திறந்து கிடந்தா பந்து வலது பக்கம்தான் வளையும், நீங்க எந்த திசைய பாத்து நின்னாலும் சரி. ஸ்லைஸ்ங்கிறது இவ்வளவுதான்.

இப்ப அந்த முதல் மருந்தை எடுத்துக்கங்க. வலது பக்கம் பந்து போகுதுன்னு ஒருத்தர் இடது பக்கம் திரும்பி நிக்கிறாரு, கால் இடது பக்கம், இடுப்பு இடது பக்கம், தோளும் இடது பக்கம். தோள் பாக்கிற பக்கம்தான் கை வீசும், ஆக கிளப் வெளிய இருந்து உள்ள, அதாவது பந்துக்கு அந்தப் பக்கம் இருந்து நம்ம உடம்புப் பக்கமா, பந்தை குறுக்கால அறுத்துட்டு வருது. ஆனா கண்ணும் மனசும் கொடி இருக்கிற பக்கமே இருக்கிறதால கை தன்னையறியாம முகத்தை கொடி பக்கமே திறந்து புடிச்சிருக்கு. பாதை இன்னும் இடது, முகம் அதே இடத்துல, ரெண்டுக்கும் நடுவுல வித்தியாசம் முன்ன விட கூடிப்போச்சு. முன்ன 15 யார் வளைஞ்ச பந்து இப்ப 30 யார் வளையுது. உடனே அவர் இன்னும் கொஞ்சம் இடது பக்கம் திரும்புறாரு. நம்ம மைதானத்துல ரெண்டு பக்கமும் சைப்பிரசும் கருப்பந்தைலமும் நெருக்கமா நிக்குது, வலது பக்க மரத்தைக் கண்டு பயந்து திரும்பித் திரும்பி கடைசியில பக்கத்து ஃபெயார்வேய, அதாவது அடுத்த குழிக்குப் போற புல்லுப் பாதைய, பாத்து நிக்கிற ஆளுங்கள எத்தனையோ சீசன்ல பாத்துட்டேன். ஏப்ரல்ல கொழும்புல இருந்து வர்றவங்க மட்டும் இல்ல, இங்கயே விளையாடுறவங்களும் அப்படித்தான். மைதானம் டவுனுக்குள்ள இருக்கிறதால வளையுற பந்து ரோட்டுல போற ஆள் மேல விழுற பயமும் இருக்கு, அதனால இது ஸ்கோர் கார்ட் சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் கிடையாது.

ரெண்டாவது மருந்து, தலைய தூக்காதே. பந்தை பாக்கணும்கிறது சரி, ஆனா அடிச்சு முடிஞ்ச பிறகும் தலைய ஆணி அடிச்சு வெச்ச மாதிரி கீழயே அமுக்கி வெச்சா கழுத்து பூட்டிக்கும், தோள் திரும்பாது, உடம்பு நின்னு போயிரும், கை மட்டும் தனியா குறுக்கால ஓடும். ஆனிக்கா சோரன்ஸ்டாம் பெண்களுக்கான எல்பிஜிஏ தொழில்முறை போட்டி 72 ஜெயிச்சவங்க, அதுல 10 மேஜர்ங்கிற பெரிய போட்டி, 2001ல ஒரு ரவுண்டை 59 அடியில முடிச்சவங்க, அவங்க பந்தை அடிக்கிற நேரத்துலயே தலை இலக்கு பக்கம் திரும்ப ஆரம்பிச்சிரும், வீடியோவுல யாரும் பாக்கலாம். 2001ல பிரிட்டிஷ் ஓப்பன் எடுத்த டேவிட் டுவாலும் அதே மாதிரித்தான். தலை மேல எழும்பக் கூடாது, முன்னுக்கு பாயக் கூடாது, ஆனா திரும்ப விடணும். மூணாவது, இடது கைய விறைப்பா வைக்கிறது, அதுக்கும் இதே பதில்தான், நீட்டி வைக்கலாம், இறுக்கக் கூடாது, இறுக்கின கையில மணிக்கட்டு வேலை செய்யாது, மணிக்கட்டு வேலை செய்யலன்னா முகம் திறந்தபடியே வந்து சேரும்.

இன்னொரு பேச்சும் அடிக்கடி கேக்குறது, "என் ஸ்விங் சரிதான், 9 அயன் நேரா போகுது, டிரைவர்தான் சரியில்ல"ன்னு சொல்லி புது டிரைவருக்கு காச கொட்டுறது. காரணம் வேற. பந்துக்கு பின்பக்கச் சுழற்சியும் பக்கச் சுழற்சியும்னு தனித்தனியா ரெண்டு கிடையாது, ஒரே ஒரு சுழற்சிதான், அந்த சுழற்சியோட அச்சு பம்பரம் சாயுற மாதிரி ஒரு பக்கம் சாஞ்சா பந்து அந்தப் பக்கம் போகும். 9 அயன்ல முகம் நல்லா சாஞ்சிருக்கிறதால பின்பக்கச் சுழற்சி நிறைய, அச்சு லேசுல சாயாது. டிரைவர்ல சாய்வு கொஞ்சம், முகம் துளி திறந்தாலே அச்சு பெருசா சாஞ்சிரும். ஆக பிழை ரெண்டு கிளப்லயும் ஒண்ணேதான், டிரைவர் அதை வெளிய காட்டிக் குடுக்குது. இந்த சுழற்சி விஷயத்தை முதல்ல ஒழுங்கா ஆராய்ஞ்சது எடின்பரோ பேராசிரியர் பீட்டர் கத்ரி டெய்ட், 1890கள்ல, அதாவது நுவரெலியாவுல கோல்ஃப் ஆரம்பிச்ச அதே காலத்துல. அவரோட மகன் ஃபிரெடி டெய்ட் 1896லயும் 1898லயும் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டம் எடுத்தவர். 100 வருஷத்துக்கு மேல ஆன அறிவு இது, இன்னும் நம்ம பிள்ளைங்க கைக்கு வரலங்கிறதுதான் எனக்கு மனவருத்தம்.

மலைல விளையாடுறவங்க இன்னொண்ணையும் மனசுல வைக்கணும். நுவரெலியா கடல் மட்டத்துல இருந்து 1,868 மீட்டர் உயரம், இங்க காத்தோட அடர்த்தி கொழும்பை விட கிட்டத்தட்ட ஆறுல ஒரு பங்கு குறைவு. அதனால பந்து கொஞ்சம் கூடத் தூரம் போகுது, வளையுறதும் கொஞ்சம் குறையுது. வளைக்கிறதே காத்துதானே, காத்து மெல்லிசா இருந்தா பிடிப்பு குறைவு. இங்க லேசா வளையுது பரவாயில்லன்னு விட்டுட்டு, ஒரு போட்டிக்குன்னு கொழும்பு ரிட்ஜ்வே மைதானத்துக்கு இறங்கிப் போன பையன் அங்க அதே அடி இன்னும் பெருசா வளையுறதைப் பாத்து குழம்பிப் போறான், தனக்கு திடீர்னு என்னவோ ஆயிருச்சுன்னு நினைக்கிறான். ஒண்ணும் ஆகல, பிழை முன்னயே இருந்தது, மலைக் காத்து மறைச்சு வெச்சிருந்தது.

சரி, எப்படித் திருத்துறது. எங்க எல்லாருக்கும் முதல்ல தோணுறது பாதைய திருத்தணும், வெளிய இருந்து உள்ள வர்றதை நிப்பாட்டணும்னு. நான் சொல்றது, முகத்தை முதல்ல திருத்துங்க, பாதைய பிறகு பாக்கலாம். முகம் திறந்து இருக்கிறதாலதான் பந்து வலது பக்கம் போகுது, பந்து வலது பக்கம் போறதைக் கண்ட உடம்பு அதை இடது பக்கம் இழுக்கப் பாக்குது, அந்த இழுப்புத்தான் குறுக்குப் பாதை. முகத்தை விட்டுட்டு பாதைய மட்டும் உள்ள இருந்து வெளிய கொண்டு வந்தா பந்து வலது பக்கமே கிளம்பி வலது பக்கமே வளைஞ்சு இன்னும் தூரத்துல போய் காணாம போகும். அத ரெண்டு தரம் கண்டவன் திரும்ப பழைய மாதிரியே இழுக்க ஆரம்பிச்சிருவான்.

முகத்தைத் திருத்துறது பிடியில இருந்து ஆரம்பம். பழைய கையுறை ஒண்ணை எடுத்துப் பாருங்க, உள்ளங்கையோட அடிப்பகுதி, சுண்டு விரலுக்கு நேர் கீழ இருக்கிற சதை, அந்த இடத்துல ஓட்டை விழுந்திருந்தா நீங்க கிளப்பை உள்ளங்கையில புடிக்கிறீங்கன்னு அர்த்தம், ஸ்லைஸ்காரங்க நிறைய பேர் கையுறையில அந்த ஓட்டை இருக்கும். கிளப் படுக்க வேண்டியது விரல்ல, ஆள்காட்டி விரலோட நடு மடிப்புல இருந்து சுண்டு விரலோட அடி வரைக்கும் குறுக்கால, அதுக்கு மேல உள்ளங்கை சதை மூடணும். மூடின பிறகு குனிஞ்சு பாத்தா இடது கையில ரெண்டு விரல் மொளி நல்லா தெரியணும், ஸ்லைஸ் அதிகமா இருக்கிறவங்களுக்கு மூணு தெரிஞ்சாலும் தப்பில்ல. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல விழுற கோடு வலது தோள் பக்கம் போகணும், தாடைக்கு போகக் கூடாது. வலது கையும் அதே மாதிரி, உள்ளங்கை இலக்கைப் பாத்தபடி பக்கவாட்டுல வரணும், மேல ஏறி உக்காரக் கூடாது. இதுல பிள்ளைங்க ஒரு கேள்வி கேப்பாங்க, அந்தக் காலத்து பெரிய வீரர் பென் ஹோகன் பிடி அப்படி இல்லையே, அவர் கை இடது பக்கம் திரும்பி இருக்கேன்னு. ஹோகனுக்கு இருந்த வியாதி ஹூக், பந்து இடது பக்கம் வளையுறது, அதை நிப்பாட்டத்தான் அவர் பிடிய அப்படி மாத்தினாரு. ஹூக்குக்கு எடுத்த மருந்தை ஸ்லைஸ்காரன் குடிச்சா எப்படி குணமாகும்.

நம்ம ஊர்ல இதோட குளிரும் சேந்துக்குது. காலையில பனியில கை விறைச்சுப் போயிருக்கும், பின்னேரம் மழை தூறும், கிரிப், அதாவது கிளப்போட கைப்பிடி, வழுக்கும், வழுக்குதுன்னு இறுக்கிப் புடிப்பாங்க. இறுக்கிப் புடிச்ச முன்னங்கை சுழலாது, சுழலாத கை முகத்தை மூடாது, பந்து வலது பக்கம்தான். பைக்குள்ள ஒரு காஞ்ச துவாய பொலித்தீன்ல சுத்தி வெச்சுக்கங்க, ஒவ்வொரு அடிக்கும் முன்ன கிரிப்பை தொடைங்க. தேஞ்சு வழுவழுன்னு போன கிரிப்பை மாத்துறதுக்கு புது கிளப் வாங்குற காசுல ஒரு துளி போதும், ஆனா யாருமே அதை செய்யறதில்ல, எனக்கு இது ஏன்னே விளங்கல.

பிடிக்கு அடுத்தது மணிக்கட்டு. கிளப்பை பின்னுக்கு தூக்குற பேக்ஸ்விங் உச்சியில நிப்பாட்டி இடது மணிக்கட்டைப் பாருங்க, கையோட பின்பக்கம் உள்ள குழிஞ்சு மடங்கி இருந்தா முகம் அங்கயே திறந்திருச்சு, தட்டையா இருந்தா நல்லது. அமெரிக்க வீரர் டஸ்டின் ஜோன்சன் தட்டையும் தாண்டி எதிர்ப்பக்கம் வளைச்சு வெச்சிருப்பாரு, எல்லாரும் அவ்வளவு போகணும்னு இல்ல. கண்ணாடி ஜன்னல் முன்னால, இல்ல ஃபோனை பக்கவாட்டுல சாத்தி வெச்சுட்டு, பந்து இல்லாம மெதுவா செஞ்சு பாக்கலாம், மழை நாள்ல லயத்து இஸ்தோப்புல நின்னும் பாக்கலாம், ஒரு குடைக் கம்பு போதும்.

இதுக்குப் பிறகு நடக்கிறதைத்தான் முக்கியமா சொல்லணும், ஏன்னா இங்கதான் எல்லாரும் பயந்து கைவிட்டுர்றாங்க. பிடிய மாத்தின பிறகு பந்து இடது பக்கம் போகும். நேரா இடது பக்கம், சில நேரம் இடது பக்கம் கிளம்பி இன்னும் இடது பக்கம் வளையும். பாக்கிறவங்க "இதுக்கு முன்னையே நல்லா இருந்துச்சே"ன்னு சொல்லுவாங்க. அதைக் காதுல போட்டுக்காதீங்க. முகம் மூட ஆரம்பிச்சிருச்சு, பாதை இன்னும் பழைய குறுக்குப் பாதை, அதனாலதான் இடது. அப்படிப் போற ஒவ்வொரு பந்தும் திருத்தம் நடந்துட்டு இருக்குங்கிறதுக்கு சாட்சி. இடது பக்கம் போறதை கண்டுகண்டு உடம்பே இழுப்பை குறைச்சுக்கும், வலது பக்கம் போனதைக் கண்டு இழுக்கப் பழகின அதே உடம்புதானே. இந்த நேரத்துல பிள்ளைங்களுக்கு பக்கத்துல நின்னு தைரியம் சொல்ல ஒரு ஆள் வேணும், அதுக்கு கோச் பட்டம் தேவையில்ல, தகப்பனே நிக்கலாம்.

இப்ப பாதைக்கு வரலாம். நம்ம பையன்கள் எல்லாரும் லயத்து முத்தத்துலயும் பக்டறி பக்கத்து மண் ரோட்டுலயும் டெனிஸ் பந்துல கிரிக்கெட் அடிச்சு வளர்ந்தவங்க, மேல இருந்து வலது தோளைத் தள்ளி லெக் பக்கம் இழுத்து அடிக்கிறது ரத்தத்துல இருக்கு. கோல்ஃப்ல அந்த வலது தோள் முதல்ல ஓடினாலே கிளப் வெளிய போயிரும். இறங்கும்போது வரிசை கீழ இருந்து வரணும், பாரம் இடது காலுக்கு மாறுறது முதல்ல, அடுத்தது இடுப்பு, அதுக்குப் பிறகுதான் தோளும் கையும். பழகுறதுக்கு நான் பிள்ளைங்களுக்கு குடுக்கிறது ஒரு வெறும் தண்ணிப் போத்தல். பந்துக்கு அந்தப் பக்கம், கிளப் தலை ஒண்ணு போற அளவு இடம் விட்டு, பந்துக்கு கொஞ்சம் பின்னால போத்தலை வெச்சிரணும், போத்தலைத் தட்டாம பந்தை மட்டும் அடிக்கணும். குறுக்குப் பாதையில வந்தா போத்தல் பறக்கும். யாரும் விளக்கம் சொல்லத் தேவையே இல்ல. அரை வீச்சுல, 8 அயனோ 9 அயனோ எடுத்து, போத்தல் நிக்கிற வரைக்கும் டிரைவரைத் தொடவே கூடாது. உச்சியில இருந்து இறங்கும்போது முதுகு இலக்கைப் பாத்தபடியே ஒரு கணம் கூட இருக்கட்டும், கை தானா கீழ விழட்டும்னு சொல்லிக் குடுத்தா அனேகமா புரிஞ்சிரும்.

ஸ்விங் பாக்க விசித்திரமா இருக்குன்னு யாரையும் திருத்தப் போகாதீங்க. ஜிம் ஃபியூரிக் கிளப்பை மேல தூக்கி ஒரு சுத்து சுத்தி இறக்குவாரு, அந்த ஸ்விங்ல 2003 யுஎஸ் ஓப்பன் எடுத்தாரு, 2016ல ஒரு ரவுண்டை 58 அடியில முடிச்சாரு. அடிக்கிற அந்த நொடியில முகமும் பாதையும் ஒத்துப் போகுதா, அது மட்டும்தான் கேள்வி.

சில பேருக்கு முகமும் சரி, பாதையும் சரி, அப்பவும் டிரைவர் மட்டும் வளையும். அவங்க டிரைவர் முகத்துல கொஞ்சம் பேபி பவுடர் தடவிட்டு ஒரு பந்து அடிச்சுப் பாக்கணும், பந்து பட்ட இடம் வட்டமா தெரியும். அந்த வட்டம் கம்பு பக்கம், அதாவது குதிகால் பக்கம் ஒதுங்கி இருந்தா அதுதான் காரணம். டிரைவரோட பாரம் முகத்துக்கு நல்லா பின்னால இருக்கு, நடுவுல படாம குதிகால் பக்கம் பட்டா கிளப் தலை அந்தப் பக்கம் திரும்பும், கிளப் தலை திரும்புறப்ப பந்து எதிர்ப்பக்கம் சுழலும், முகம் நேரா வந்தாலும் ஸ்லைஸ் விழும். அப்ப ஸ்விங்கை மாத்த வேணாம், பந்துல இருந்து எவ்வளவு தூரத்துல நிக்கிறோம்னு மட்டும் பாத்தா போதும்.

அப்புறம் நம்ம மலையகத்துக்காரங்களுக்கு கடவுள் குடுத்த ஒரு வசதி இருக்கு, அதை யாருமே பயன்படுத்துறதில்ல. சரிவு. கொழும்புல மட்டமான தரைல நின்னு பழகுறவங்களுக்கு இது கிடைக்காது. பந்து காலை விட மேல இருக்கிற மாதிரி சரிவுல நில்லுங்க, அதாவது மேட்டைப் பாத்து. அப்படி நின்னா கிளப்பை செங்குத்தா தூக்கி வெட்டவே முடியாது, வெட்டினா மண்ணுலதான் போய் குத்தும், உடம்பைச் சுத்தி தட்டையா வீசியே ஆகணும். முன்னங்கை தானா சுழலும், முகம் தானா மூடும், பந்து இடது பக்கம் வளையும். பிறந்ததுல இருந்து ஸ்லைஸ் தவிர வேற எதையும் அடிக்காத பையன் கூட மேட்டைப் பாத்து நின்னு கொஞ்ச நேரம் வீசினா பந்து இடது பக்கம் வளையுறதைக் காண்பான், அந்தப் பையன் முகத்துல வர்ற ஆச்சரியத்தை நான் பாத்திருக்கேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமா சரிவு குறைஞ்ச இடத்துக்கு வந்து, கடைசியா மட்டத்துக்கு வந்து அதே வீச்சை வீசணும். இதுக்கு மைதானமே தேவையில்ல, தேயிலை இல்லாத ஒரு புல்லுச் சரிவு போதும், பந்துக்கு பதிலா ஒரு காஞ்ச இலை போதும். இதோட மறுபக்கத்தையும் தெரிஞ்சு வெச்சுக்கங்க, பந்து காலுக்கு கீழ இருக்கிற சரிவுல நின்னு அடிச்சா நல்ல ஸ்விங் உள்ளவனுக்கும் பந்து வலது பக்கம் போகும். விளையாட்டுக்கு நடுவுல அப்படி ஒண்ணு வந்ததுக்காக ஸ்விங்கை மாத்தப் போயிராதீங்க, அந்த ஒரு அடிக்கு மட்டும் கொஞ்சம் இடது பக்கம் குறி வைக்கிறது சரி. இடது பக்கம் குறி வைக்கிறதுக்கு நியாயம் இருக்கிற இடம் அது.

கடைசியா, பெரியவங்க கிட்ட ஒரு வேண்டுகோள். பழைய கிளப்பை பிள்ளைங்களுக்கு குடுக்கிறீங்க, நல்ல மனசு, ஆனா பெரியாள் கிளப்பை நுனியில வெட்டி குட்டையாக்கி குடுக்கிறப்ப கம்பு இன்னும் விறைப்பாகுது, கிளப் தலையோட பாரம் அப்படியே இருக்கு, கிரிப் தடிப்பு சின்னக் கைக்குள்ள அடங்காது. பத்து வயசுப் பிள்ளை அதைத் தூக்கி வீசும்போது முகத்தை திருப்பிக் கொண்டு வர பலம் பத்தாது, ஸ்லைஸ்லதான் அதோட கோல்ஃப் ஆரம்பிக்குது. பொம்பளைங்க கிளப் பழசு இருந்தா அதைக் குடுங்க, அது லேசு, கம்பும் நல்லா வளையும், குட்டையாக்கினாலும் சமாளிக்கலாம், கிரிப்பை மட்டும் மெல்லிசு போட்டுக் குடுங்க.

ஆசிரியர் ஐயா, உங்க பேப்பர்ல இந்தப் பகுதி தொடர்ந்து வரணும். வர்றப்ப படத்தோட போடுங்க, இடது கை மொளி எத்தனை தெரியணும், போத்தல் எங்க வைக்கணும்ங்கிறதெல்லாம் எழுத்துல படிக்கிறதை விட ஒரு கோட்டுப் படம் இருந்தா பிள்ளைங்க டக்குனு புடிச்சுக்குவாங்க. படம் வரைய ஆள் இல்லன்னா இங்க எங்க பிள்ளைங்கள்ல ஒருத்தன் நல்லா வரைவான், அனுப்பி வைக்கிறோம், காசு எதுவும் வேணாம். திகன விக்டோரியா கோல்ஃப் மைதானத்துப் பக்கத்துல கெடி வேலை செய்யற தம்பிமாரும் இதைப் படிச்சா அங்க என்ன மாதிரி பழக்குறாங்கன்னு எழுதுங்க, அங்க தரை வேற, காத்து வேற, தெரிஞ்சுக்க ஆசையா இருக்கு.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகன்,
நுவரெலியா.